ஏகமனதாக

"சாமி, எங்க ஊர்ல யாரும் என்னை எதிர்த்துப் பேச மாட்டேங்கிறாங்க."

கரட்டுச் சாமி துவைத்த வேட்டியைப் பாறையில் விரித்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"இதைச் சொல்லவா இந்த வெயில்ல கரடு ஏறி வந்தீங்க?"

வந்தவர் பொன்னுரங்கம். அந்தக் கரட்டுக் குன்றின் கீழே தெரிகிற நாவற்குடிப் பேரூராட்சியின் தலைவர். அறுபதைத் தாண்டியவர். சாமிக்கு அவருடைய கடைசி மகன் வயதுதான் இருக்கும். எங்கிருந்து வந்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. ஒரு குகை, ஒரு சட்டி, மாற்றிக் கட்ட ஒரு வேட்டி. வேறு எதுவும் அவரிடம் கிடையாது.

பொன்னுரங்கத்துக்கு மூச்சு வாங்கியது. பாறை நிழலில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னார்.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. எந்தத் தீர்மானம் வைத்தாலும் கவுன்சிலர்கள் எல்லோரும் கை தூக்கினார்கள். 'ஏகமனதாக நிறைவேறியது' என்று செயல் அலுவலர் வாசிக்கும்போது காதுக்கு அவ்வளவு இதமாக இருக்கும். பக்கத்து ஊர் மன்றங்களில் நாற்காலி பறந்தது. இங்கே வைத்த டீ ஆறுவதற்குள் கூட்டம் முடிந்துவிடும்.

பிறகு, அவர் சொல்லி முடிக்கும் முன்பே கைகள் எழ ஆரம்பித்தன.

பிறகு, அவர் இருமினால் எல்லோரும் இருமினார்கள்.

ஒரு நாள் பேச்சோடு பேச்சாக, இன்றைக்கு வெள்ளிக்கிழமைதானே என்றார். அன்று செவ்வாய். ஆமாம், வெள்ளிதான் என்றார்கள். விளையாடுகிறார்கள் என்று நினைத்து வெளியே வந்தால், அம்மன் கோயிலில் பூசாரி வெள்ளிக்கிழமைப் பூசைக்கு மணி அடித்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுல?" என்று கேட்டார் சாமி.

வீட்டில்தான் பொன்னுரங்கம் பயந்துபோனார். அவர் மனைவி கோமதி, கல்யாணமான நாளிலிருந்து அவர் புகையிலை போடக் கூடாதென்று சண்டை போடுகிறவள். இப்போது அவளே கிள்ளி எடுத்துக் கையில் தருகிறாள். எதற்கெடுத்தாலும் சரிங்க, சரிங்க என்கிறாள். முகத்தை உற்றுப் பார்த்தால் அங்கே கோமதி இல்லை.

"அப்புறம் என்ன செஞ்சீங்க?"

பொன்னுரங்கம் தரையைப் பார்த்தார்.

"அவங்க மறுக்கணும்னே ஒரு தீர்மானம் வெச்சேன், சாமி. வடக்குத் தெரு ஊருணியை மண்ணைப் போட்டு மூடிட்டு, கடை கட்டலாம்னு. அந்தத் தெரு முழுக்க அந்தத் தண்ணியைத்தான் குடிக்குது. இதுக்காவது ஒருத்தன் எந்திரிச்சு என்னைக் கேப்பான்னு பார்த்தேன்."

"கை தூக்கினாங்களா?"

"தூக்கினாங்க. சும்மா சொன்னேன்யான்னேன். சிரிச்சாங்க. ஒண்ணா ஆரம்பிச்சு ஒண்ணா நிறுத்தினாங்க."

தீர்மானத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். அதற்கும் ஆமாம் என்றார்கள். ஆனால் வேலை தன்பாட்டில் நடந்தது. வடக்குத் தெருவுக்கே போய்ச் சொன்னார். தலைவர் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று குடமும் கையுமாக நின்று பெண்கள் சொன்னார்கள். நாளைக்கு மன்றத்தில் கடைசி ஒப்புதல். மண் லாரி இப்போதே ஊருணிக் கரையில் வந்து நிற்கிறது.

சாமி வேட்டியை விட்டுவிட்டு அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"மன்றத்துல காலி நாற்காலி ஏதாச்சும் இருக்கா?"

"ஜன்னலோரமா ஒண்ணு கிடக்கு."

"யாரோடது?"

பொன்னுரங்கம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். சாமியும் விடவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார்.

அது சீனியம்மாளுடையது. வடக்குத் தெரு கவுன்சிலர். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிற வேலை பார்க்கிறவள். கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று எதையாவது வேண்டாம் என்பாள். பொன்னுரங்கம் அவளைத் திட்டியதில்லை, மிரட்டியதில்லை. அதை இப்போதும் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். அவர் செய்தது வேறு. அவள் வாயைத் திறந்தால் யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம், நிகழ்ச்சி நிரலில் அடுத்த பொருளை வாசித்துவிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தார். கொஞ்ச காலம் அவள் வந்து பேசிப் பார்த்தாள். பிறகு வந்து சும்மா உட்கார்ந்திருந்தாள். எப்போதிலிருந்து வராமல் போனாள் என்று ஒருவரும் கவனிக்கவில்லை.

"நாளைக்கு அதுல போய் உக்காருங்க, தலைவரே."

"அப்போ என் நாற்காலி?"

"அதைப் பத்திக் கவலைப்படாதீங்க," என்றார் சாமி. "அது காலியா இருக்காது."

மறுநாள் பொன்னுரங்கம் எல்லோருக்கும் முன்னால் மன்றத்துக்குப் போனார். ஜன்னலோர நாற்காலியில் தூசி படிந்திருந்தது. துண்டால் தட்டிவிட்டு உட்கார்ந்தார். வெளியே வெயில் கொளுத்தியது. நாற்காலி மட்டும் சில்லென்று இருந்தது.

கவுன்சிலர்கள் வந்தார்கள். ஒவ்வொருவரும் வாசலிலேயே நின்று, நடுவில் இருந்த தலைவர் நாற்காலியைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

அதில் யாரும் இல்லை.

"இங்கே இருக்கேன்," என்றார் பொன்னுரங்கம்.

யாரும் திரும்பவில்லை. அலுவலக உதவியாளர் வந்து அந்த நாற்காலியின் முன்னால் டீயை வைத்து, அது ஏதோ சொன்னதுபோலக் குனிந்து கேட்டு, தலையாட்டிவிட்டுப் போனார்.

செயல் அலுவலர் வாசிக்க ஆரம்பித்தார். வடக்குத் தெரு ஊருணியை மூடுவது, இறுதி ஒப்புதல். வாசித்துவிட்டு நிமிர்ந்து காத்திருந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். எல்லாக் கண்களும் நடு நாற்காலியின் மேல், ஒருவர் பேசும்போது அவர் வாயைப் பார்ப்பதுபோல.

பிறகு ஒன்றாகச் சிரித்தார்கள். பிறகு ஒன்றாகக் கை தூக்கினார்கள்.

பொன்னுரங்கம் எழுந்தார்.

"நான் எதிர்க்கிறேன். இது வேண்டாம்."

செயல் அலுவலர் அடுத்த பொருளை வாசித்தார்.

அந்த வாசிப்பு பொன்னுரங்கத்துக்குத் தெரியும். அது அவரே சொல்லிக்கொடுத்தது. எந்த இடத்தில் மூச்சு விட வேண்டும், எவ்வளவு வேகமாக வாசிக்க வேண்டும் என்பது வரை.

மறுபடியும் சொன்னார். கத்தினார். துணைத் தலைவரின் தோளைப் பிடித்து உலுக்கினார். துணைத் தலைவர் ஈயை விரட்டுவதுபோலத் தோளைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"ஏகமனதாக நிறைவேறியது," என்று வாசித்தார் செயல் அலுவலர்.

பொன்னுரங்கம் நடு நாற்காலியைப் பார்த்தார். அதன் முன்னால் இருந்த டம்ளரில் டீ பாதிதான் இருந்தது.

அவர் செருப்பைக் கூட மாட்டாமல் வெளியே ஓடினார்.

கடைத்தெருவில் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிரில் வந்த சைக்கிள்காரன் மணியடிக்கவில்லை, ஒதுங்கவும் இல்லை. அவர்தான் சாக்கடையோரம் ஒதுங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. தன் வீட்டு வாசலைக் கடக்கும்போது, உள்ளே கோமதி யாருக்கோ சரிங்க என்று சொல்வது கேட்டது.

அவர் நிற்கவில்லை.

ஊருணியில் வேலை தொடங்கியிருந்தது. லாரி பின்பக்கமாக வந்து தென்கரையில் செம்மண்ணைக் கொட்டியது. அந்தப் பக்கத் தண்ணீர் ஏற்கெனவே சிவந்துவிட்டது. வடக்குத் தெருப் பெண்கள் வெறுங்குடங்களோடு கரையில் வரிசையாக நின்றார்கள். எல்லோருடைய முகத்திலும் ஒரே சிரிப்பு.

தண்ணீருக்குள் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். மார்பளவு தண்ணீர். லாரியைப் பார்த்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

சீனியம்மாள்.

"வேண்டாம்," என்றாள். கோபமில்லை, அழுகையில்லை. மண் விழுந்தது. "வேண்டாம்," என்றாள். மண் விழுந்தது.

மன்றத்துக்கு வராமல் போனவள் வாயை மூடிக்கொண்டு வீட்டில் இருப்பாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

பொன்னுரங்கம் லாரிக்காரனிடம் ஓடினார். நிறுத்து, நான்தான் தலைவர், நான் சொல்கிறேன் என்றார். லாரிக்காரன் அவர் அங்கே இல்லாததுபோலத் தண்ணீரைப் பார்த்தபடி பீடி பற்றவைத்தான். நெருப்புக் குச்சியை வீசியபோது அது அவர் சட்டையில் பட்டு விழுந்தது.

படித்துறைக்கு வந்தார். இதற்கு மேல் யாரிடம் போவதென்று தெரியவில்லை. அவருடைய குரல் அவருக்கே அந்நியமாக, மெதுவாக வந்தது.

"வேண்டாம்."

சீனியம்மாள் திரும்பினாள்.

நேராக அவர் முகத்தைப் பார்த்தாள். இத்தனை நாளில் ஊருக்குள் ஒருவர் அவரைப் பார்த்தது அப்போதுதான் என்று அவருக்குத் தோன்றியது.

"உனக்குக் கேக்குதாம்மா?" என்றார். அவளை அவர் அம்மா என்று கூப்பிட்டதே இல்லை.

"கேக்குதே."

"என்னை ஒருத்தரும் பார்க்க மாட்டேங்கிறாங்க."

"அப்படித்தான் இருக்கும்," என்றாள் அவள். பிறகு கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள். "பார்த்து இறங்குங்க. மூணாவது படி வழுக்கும்."

பொன்னுரங்கம் வெள்ளை வேட்டியோடு இறங்கினார். முழங்கால், இடுப்பு, நெஞ்சு. காலடியில் புது மண் கொழகொழவென்று நழுவியது. அவள் அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டாள்.

லாரி மறுபடியும் பின்னால் நகர்ந்து வந்தது.

"வேண்டாம்," என்றார்கள்.

லாரிக்காரன் வாயிலிருந்த பீடியை எடுத்தான். தண்ணீர்ப் பக்கமாகக் காதைத் திருப்பினான்.