முதல் கூடை

ஒரே ஒரு ஊரிலே, ஊர் இன்னும் இருக்கிறது, பெயர்தான் சொல்வதற்கில்லை, கோதண்டம் என்று ஒரு தவில்காரர் இருந்தார். பயந்த பூனை ஒன்றை வளர்க்க எடுத்துப் போனவர், நாற்பத்தோராம் நாள் காலையில், அதைக் கொடுத்தவளிடமே திரும்பி வந்து நின்றார்.

செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“நீங்க குடுத்த பூனை என் வீட்டுல இல்லம்மா.”

பூவாயி மத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“ஓடிப்போச்சா?”

“இல்ல.”

“செத்துப்போச்சா?”

“இல்ல. சாப்பிடுது.”

“இல்லாத பூனை எப்படிங்க ஐயா சாப்பிடும்?”

“அதைக் கேக்கத்தான் வந்தேன்.”

பூவாயியின் கை அப்போதுதான் நின்றது.

ஊர்க் கோடியில் மூடிப்போன அரிசி ஆலை ஒன்று உண்டு. அதுதான் அவளுடைய பூனைக் கொட்டகை. சாக்கில் கட்டி ஆற்றோரம் வீசப்பட்டவை, ஆள் செத்துப் பூட்டிய வீட்டுக்குள் பத்து நாள் கிடந்தவை, வெந்நீர் ஊற்றப்பட்டவை, எல்லாம் அங்கேதான் வந்து சேரும். பூவாயிக்கு முப்பத்தைந்து வயதுதான். ஆனாலும் தலை நரைத்தவர்கள் அவள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அங்கே பூனை வாங்கப் போனவன் பழைய ஆளாக வீடு திரும்புவதில்லை என்று ஊருக்குள் ஒரு பேச்சு.

கோதண்டம் முதலில் வந்தபோது அவள் சிரித்துவிட்டாள்.

“நீங்க கும்பிடறதே தவில் அடிச்ச மாதிரி கேக்குதே! உங்க வீட்டுல பூனை தங்குமா?”

“தங்க வைக்கணும்மா.”

“எதுக்கு?”

“எம் பெண்சாதிக்குப் பூனைன்னா ஆசை.”

“அவங்களைக் கூட்டியாங்க.”

“ஆடியில போய்ச் சேந்துட்டா.”

பூவாயி மூலையில் கிடந்த தகரப் பெட்டியைக் காட்டினாள். பெட்டிக்கு அடியில் இருட்டு. இருட்டுக்குள் இரண்டு கண். சாம்பல் நிறம், ஒரு காது கிழிந்தது. வந்து இரண்டு வருஷமாகிறது. ஒரு மனிதர் கைக்கும் அது வந்ததில்லை.

“அதுக்கு முதுகைக் காட்டி உக்காருங்க. ஒன்பது நாள் வாங்க.”

ஒன்பது நாள் வந்து, பூனைக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பத்தாம் நாள் ஒரு பனையோலைக் கூடை கொடுத்தாள். வாயைச் சாக்குத்துணியால் கட்டியிருந்தது. உள்ளிருந்து பூனை வாடை வந்தது.

“உள்வீட்டுல வைங்க. முடிச்சை அவுத்துட்டுத் திரும்பிப் பாக்காம வெளியே வந்துடுங்க. நாளைக்குக் கூடையை அப்படியே கட்டிக் கொண்டாங்க. உள்ள பாக்காதீங்க. பூனையைத் தேடாதீங்க. பேர் வைக்காதீங்க. கூப்பிடாதீங்க. சோறு வச்சா தட்டுக்கு முதுகைத் திருப்பிக்கங்க. அது சாப்பிடறதை அதுவா காட்டணும்; நீங்களா பாக்கக் கூடாது.”

“தவில்?”

அவள் வெறுமனே பார்த்தாள்.

“சரிம்மா,” என்றார்.

மறுநாள் கூடையைத் திருப்பிக் கொடுக்கும்போது, “போகும்போது இருந்த கனம்தான் இப்பவும் இருக்கு. உடம்புல ஒண்ணுமே இல்ல போலிருக்கே அதுக்கு!” என்றார்.

“பயந்த சீவன், ஐயா,” என்று மட்டும் சொன்னாள் பூவாயி.

அவ்வளவுதான் முன்கதை.

இப்போது அவள் மீனைத் தள்ளி வைத்துவிட்டுக் கை கழுவினாள். “முதல்லேருந்து சொல்லுங்க.”

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். தாழ்ந்த குரலில் பேசினார். முன்பெல்லாம் அவர் பேசினால் ஆலைத் தகரம் அதிரும். இப்போது அவள் காதைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவர வேண்டியிருந்தது.

“தவிலுக்கு உறை போட்டு ஆணியில மாட்டினேன். கத்துக்க வர்ற பிள்ளைங்களைக் கோயில் மண்டபத்துக்கு அனுப்பிட்டேன். தாழ்ப்பாளுக்குத் துணி சுத்தினேன். டம்ளரைத் துண்டு மேலதான் வைப்பேன். குக்கர் கிடையாது, பானைதான். எதிர்வீட்டு நடேசன் ரெண்டு தரம் வந்து கதவைத் தட்டிட்டான், நான் உயிரோட இருக்கேனான்னு பாக்க.”

“நல்ல அக்கறை!”

“அக்கறையா! ‘தவில்காரா, இருபது வருஷத்துல இப்பத்தான்யா எங்க வீட்டுல மத்தியானம் தூங்கறோம்’னுட்டுப் போறான்.”

பூவாயி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

“முதல் நாலு நாள் வச்ச சோறு வச்சபடி கிடந்துச்சு. அஞ்சாம் நாள் மத்தியானம் தட்டு காலி. வழிச்சுத் தின்ன மாதிரி சுத்தம். சந்தோஷமா இருந்துச்சும்மா. எட்டாம் நாள் கோரைப்பாயில கை வச்சேன். சூடா இருந்துச்சு. யாரோ படுத்து எழுந்த சூடு.”

“பூனை படுத்த அளவா?”

அவர் இரண்டு கையையும் மெதுவாக விரித்தார். கை விரிந்துகொண்டே போனது. பிறகு மடியில் வைத்துக்கொண்டார்.

கொட்டகையில் பூனைகள் ஒன்றும் சத்தம் போடவில்லை.

“இருபதாம் நாள் மறதியா என் தட்டையே அங்க வச்சுட்டேன். மோர்சாதம். மேல ஒரு மாவடு. அப்புறம்தான் நினைப்பு வந்து போய்ப் பாத்தேன். சோறு இல்ல. மாவடுவும் இல்ல. கொட்டை மட்டும் தட்டு ஓரத்துல.”

“எலியா இருக்கும்.”

“மறுநாள் மூணு மாவடு வச்சேன். எலி மூணு கொட்டையையும் சூப்பிட்டு வரிசையா வைக்குமாம்மா?”

பூவாயி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அவ அப்படித்தான் வைப்பா,” என்றார் கோதண்டம்.

“யாரு?”

“தையல்நாயகி. எம் பெண்சாதி.”

“அவங்க சாப்பிட்டு நீங்க பாத்திருக்கீங்களா?”

அவர் யோசித்தார்.

“முப்பத்தோரு வருஷம்மா. எனக்குப் போட்டுட்டு உள்ள போயிடுவா. நான் கை கழுவி, வாசலுக்குப் போய், வெத்தலை போட்டப்புறம் அடுக்களையில தட்டுச் சத்தம் கேக்கும். போய்ப் பாத்தா கொட்டைதான் வரிசையா இருக்கும். அவ சாப்பிட்டு நான் பாத்ததில்ல.”

“கேட்டிருக்கீங்களா, சாப்பிட்டியான்னு?”

“நான் தவில் அடிக்கற அடியில என் பேச்சே எனக்குக் கேக்காது. சத்தம்னா அவளுக்கு உடம்பு தூக்கிப் போடும். நான் உறையைக் கழட்டினா அவ கொல்லைப்பக்கம் போயிடுவா. கிணத்தடியில ஒரு பூனைக்குச் சோறு வச்சுக்கிட்டிருந்தா. ஒருநாள் நான் விளையாட்டா தவில்ல ஓங்கி ஒண்ணு வச்சேன். பூனை சுவரேறிக் குதிச்சுப் போச்சு. அப்புறம் வரவே இல்ல.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. அவ எப்பவுமே ஒண்ணும் சொல்லமாட்டா.”

பூவாயி எழுந்தாள். மூலைக்குப் போனாள். தகரப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, “ஐயா, இப்படி வாங்க. குனிஞ்சு பாருங்க,” என்றாள்.

பெட்டிக்கு அடியில் இருட்டு. இருட்டுக்குள் இரண்டு கண். சாம்பல் நிறம்.

ஒரு காது கிழிந்தது.

கோதண்டம் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“இது இங்கேயேதான் இருக்கு,” என்றாள் பூவாயி. “முதல் கூடையில நான் பூனை வைக்கறதில்ல. சாயாம இருக்க அடியில ஒரு கல்லு, இது படுத்த துணி, அவ்வளவுதான். முதல்ல வீடு பழகணும். அப்புறம்தான் பூனை போகணும். சொல்லிட்டுச் செஞ்சா ஒருத்தரும் பழகமாட்டாங்க, ஐயா.”

“எல்லாருக்குமா?”

“எல்லாருக்கும்தான். ஒரு வாரத்துல ஓடி வருவாங்க. ‘வச்ச சோறு அப்படியே கிடக்கு, எறும்பு மொய்க்குது’ன்னு. அப்ப விஷயத்தைச் சொல்லி, பூனையைக் குடுத்தனுப்புவேன்.” அவள் குரல் தணிந்தது. “நீங்க வரல. ரெண்டு வாரம் ஆச்சு, வரல. ஒரு மாசம் ஆச்சு, வரல. எனக்குப் பயமா இருந்துச்சு.”

“அப்ப சாப்பிட்டது?”

“அதை நானில்ல உங்களைக் கேக்கணும்.”

வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஆலைத் தகரம் ஒருமுறை மடமடத்தது. அவ்வளவு சின்னச் சத்தத்துக்குக் கோதண்டத்தின் தோள் தூக்கிப் போட்டது.

பூவாயி அதைப் பார்த்தாள்.

“இத்தனை நாள்ல நீங்க திரும்பிப் பாத்தீங்களா?”

“இல்ல. நேத்து மெல்லற சத்தம் கேட்டுச்சு. முதுகுக்கு நாலடி பின்னால. ஒரே ஒருதரம் பாக்கணும்னு உசிரு துடிச்சுதும்மா. பாக்கல.”

“ஏன்?”

“பயந்துக்கும்னு.”

“எது?”

அவர் பெட்டிப் பக்கம் பார்த்தார்.

பூவாயி கூடையை எடுத்து வந்து, அதன் வாயைப் பெட்டிப் பக்கம் திருப்பி வைத்தாள். இருவரும் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். வெகுநேரம் கழித்து, தரையில் ஊன்றியிருந்த கோதண்டத்தின் வலது கைமேல் மூச்சுப் பட்டது. நாற்பது வருஷமாகத் தவிலடிக்க விரல்கூடு மாட்டிக் காய்த்துப்போன விரல்கள். இப்போது தோல் உரிந்து மெத்தென்றிருந்தன. மூச்சு ஒவ்வொரு விரலாகப் போய்விட்டு வந்தது. பிறகு கூடைக்குள் ஓலை நெரிந்தது.

பூவாயி முடிச்சுப் போட்டாள். சுவர் மாடத்திலிருந்து ஒரு அலுமினியத் தட்டை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“தட்டு இருக்கேம்மா வீட்டுல.”

“அது பூனையோடது இல்லையே.”

அவர் வாங்கிக்கொண்டார். ஆனால் எழவில்லை.

“இது வந்தா அது போயிடுமா?”

“எனக்குப் பூனையைப் பத்தித்தான் தெரியும், ஐயா.”

“அப்ப எனக்கு இது வேணாம்மா. இதை இங்கேயே விட்டுடுங்க. இருக்கறது இருக்கட்டும்.”

“பூனைக்கு ஆசைப்பட்டது யாரு?”

கோதண்டம் தட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு எழுந்தார்.

கூடையைப் பூவாயியே சுமந்து வந்தாள். அன்றைக்கு அது கனத்தது. தெருவில் எதிர்வீட்டு நடேசன் நின்று பார்த்தார். “என்ன தவில்காரா, இப்பத்தான் பூனை வருதா? அப்ப இத்தனை நாளா யாருக்குய்யா வாயைப் பொத்திக்கிட்டு இருந்தே?” என்றார்.

கோதண்டம் தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் நீக்கினார்.

உச்சிவெயில். ஆனாலும் உள்வீடு குளிர்ந்திருந்தது. கொல்லைக்கதவு உள்தாழ் போட்டபடி இருந்தது. சன்னல்கள் சாத்தியிருந்தன. அடுக்களை நிலைப்படிக்குப் பக்கத்தில் காலையில் வைத்த தட்டு. காலி. ஓரத்தில் மூன்று கொட்டைகள். ஈரம் காயவில்லை.

பூவாயி தட்டைப் பார்த்தாள். கூடையை அதன் பக்கத்தில் வைத்து முடிச்சை அவிழ்த்தாள். அவர் புதுத் தட்டைத் தரையில் வைத்தார். சின்ன ஓசைகூட வரவில்லை.

இருவரும் திரும்பி, வாசலைப் பார்த்து நின்றார்கள்.

பின்னால் ஓலை நெரிந்தது. பாதங்கள் இறங்கின. தாளம் பிடித்த காது அவருடையது. எந்தப் பாதம் எங்கே விழுகிறது என்று அந்தக் காதுக்குத் தெரியும். மூலைக்குப் போகவில்லை. பரணுக்குப் போகவில்லை. இரண்டு வருஷமாக எவரிடமும் வராத பூனை நேராக நிலைப்படிக்குப் போனது. நின்றது. எதன்மேலோ உரசுகிற சத்தம். சேலைமேல் உரசுகிற சத்தம்.

பிறகு தொண்டைக்குள் அந்தக் குறுகுறுப்பு தொடங்கியது.

தரையில் கேட்டது.

முழங்கால் உயரத்தில் கேட்டது.

மார்பு உயரத்தில் கேட்டது. அங்கேயே நின்றது.

அந்த நிலைப்படிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார அலமாரி இல்லை. பெட்டி இல்லை. வெறும் சுவர்.

கோதண்டத்தின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அதைத் துடைக்கக் கை போகவில்லை; கை அசைந்தால் காற்று அசையும்.

“திரும்பிப் பாக்கட்டுமாம்மா?” உதடு மட்டும்தான் அசைந்தது.

“கேக்க வேண்டியது என்னையில்ல,” என்றாள் பூவாயி.

அவர் வாசலைப் பார்த்தபடியே நின்றார். கடைசியில், தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பேசுகிற மாதிரி, கேட்டார்:

“தையலு. சாப்பிட்டியா?”

குறுகுறுப்பு நின்றது.

வீடே நின்றது.

முதுகுக்குப் பின்னால் ஒரு அடி. இன்னொரு அடி. நான்கு கால் நடை இல்லை அது. அவர் பிடரிமயிரில் மெல்லிய சூடு பட்டது. குறுகுறுப்பு மறுபடி தொடங்கியது, அவர் காதுக்குப் பக்கத்தில்.

அவர் திரும்பவில்லை.

பூவாயி வாசலைப் பார்த்தபடியே பின்பக்கமாகக் கையை நீட்டித் துழாவி, காலிக் கூடையை எடுத்துக்கொண்டாள். கதவை மெல்ல ஒருக்களித்துச் சாத்தினாள். திரும்பிப் பார்க்காமல், நுனிக்காலால், தெருவில் இறங்கி நடந்து போனாள்.