மைத்துனர் கொடுத்த கிழங்கு

மணிக்கூடலை ஆண்ட வீரகேது ராஜாவிடம் யானைப் படை இருந்தது. கூடவே ஒரு மைத்துனரும் இருந்தார். யானைப் படையால் விரட்ட முடியாத ஒரே ஆள் அவர்தான். பெயர் நரசிங்கதுரை, ராணிக்கு அண்ணன். போன வருஷம் மாசியில் விருந்துக்கு வந்தவர், இந்த வருஷம் ஆடி பிறந்தும் கிளம்பவில்லை. காலையில் நெய் வழியும் பொங்கல், மதியம் காடை வறுவல். ராணியின் அண்ணனைப் போகச் சொல்ல எந்த ராஜாவுக்குத் துணிச்சல் வரும்?

வரும்போது பானை அளவு கிழங்கு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். கீழ்க்கடல் தீவிலிருந்து கப்பலில் வந்ததாம். பார்த்தால் சேனைக்கிழங்குக்குப் பெரியப்பா மாதிரி இருந்தது. ஆள் உயரத்துக்குப் பூக்கும், ஊரே மணக்கும் என்று அளந்துவிட்டார். ராஜா அதைத் தோட்டக்காரி வேலம்மையிடம் ஒப்படைத்தார். மணக்காவிட்டால் பாதாளச் சிறை என்பதையும் சேர்த்தே சொன்னார்.

வேலம்மைக்குப் பால்குடி மறக்காத பெண் குழந்தை. அதை இடுப்பில் வைத்துக்கொண்டே கிழங்கையும் வளர்த்தாள். செம்மண்ணோடு மக்கிய இலை போட்டாள். வெயில் சுடாமல் பந்தல் கட்டினாள். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடுமே என்று மண்ணைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ராஜா தன் பங்குக்கு, செடிக்குத் தாலாட்டு வாசிக்க ஒரு நாதஸ்வரக்காரரை அனுப்பினார். காவலர்கள் தூங்கினார்கள். குழந்தை தூங்கியது. குடை மாதிரி விரிந்த ஒற்றை இலையும் வாடி விழ, கிழங்கும் மண்ணுக்குள் தூங்கிவிட்டது. வேலம்மைதான் தூங்கவில்லை.

ஒருவழியாக மொட்டு வந்தது. ஆள் உயரம் வளர்ந்தது. ஆடி வெள்ளி சாயங்காலம் ராஜா, ராணி, மைத்துனர் எல்லாரும் சுற்றி நிற்க, கருஞ்சிவப்புப் பாவாடை போல மடல் விரிந்தது.

செத்த எலி நாற்றம் என்றால் எலி கோபித்துக்கொள்ளும். அசல் பிணவாடை. கொட்டிலில் நின்ற யானைகள்கூடத் தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டன.

"பூவில் குறையில்லை, மாப்பிள்ளை. இவள்தான் கண்டதையும் கொட்டி வளர்த்திருக்கிறாள்," என்றார் மைத்துனர்.

ராஜா மூக்கைப் பொத்தியபடி தீர்ப்புச் சொன்னார். நாளைச் சாயங்காலத்துக்குள் பூ மணக்க வேண்டும், இல்லையென்றால் சிறை.

வேலம்மை குழந்தையோடு விகடகவி சாத்தப்பன் வீட்டுக்கு ஓடினாள். சபையில் ராஜாவையே சிரிக்க வைத்துக் காரியம் சாதிப்பவர் அவர்.

"சாமி, நான் உள்ளே போயிட்டா இதுக்கு யாரு பால் கொடுப்பா?"

"மணக்க வச்சிடலாம், தாயி. நீ பூவைத் தொடாதே. அது பாட்டுக்கு நாறட்டும்."

மறுநாள் காலை மைத்துனர் பொங்கலைத் தேடி வந்தார். அரண்மனை வாசலில் ஒப்பாரிக்காரிகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மடைப்பள்ளியில் ஒரு அடுப்பும் எரியவில்லை. பிணவாடை அடிக்கிற வீட்டில் அடுப்பு மூட்டலாமா என்று கேட்டார் சாத்தப்பன். செத்தது யார் என்று மைத்துனர் கத்தினார். யார் செத்தால் என்ன, வாடை வந்துவிட்டதே, அது போனால்தான் சமையல் என்றார் சாத்தப்பன். எப்போது போகும் என்றால், அது பூவின் இஷ்டமாம். மைத்துனரின் முகத்தைப் பார்த்ததும் ஒப்பாரி ஒரு சுருதி ஏறியது.

மதியமும் இலை போடவில்லை. மைத்துனர் வண்டி கட்டச் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் ராஜா தோட்டத்துக்கு வந்தார். நாள் முழுக்க வெறும் அவல் மென்ற எரிச்சல் முகத்தில் இருந்தது. நாற்றம் நேற்றைவிட அதிகம். வேலம்மை குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"இன்னும் நாறுகிறதே, சாத்தப்பா. காவலர்களைக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிடுங்கள், மகாராஜா. அதற்கு முன் ஒன்று கேட்கிறேன். மைத்துனர் கிளம்பும்போது, போய்விட்டு வருகிறேன் என்று சொன்னாரா?"

ராஜா யோசித்தார். "இல்லையே. வாயே திறக்காமல் வண்டியில் ஏறினார்."

"துக்க வீட்டில் யார்தான் அப்படிச் சொல்வார்கள்? வருகிறேன் என்று சொல்லாமல் போனவர், இனி எந்த முகத்தோடு வருவார்?"

ராஜா மூக்கிலிருந்து கையை எடுத்தார். பூவருகே குனிந்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். கண்ணில் நீர் முட்டியது.

"மல்லிகையெல்லாம் இதன் கிட்ட நிற்குமா, வேலம்மை?" என்றார்.