ஒரு சாண் குறைச்ச கயிறு

நெருங்கி உட்காருங்க. காத்து பலமா அடிக்குது. இது கத்திச் சொல்ற கதையும் இல்லை.

எங்க கடற்கரையில படகுகளுக்குத் தார்ப்பாய் தைக்கிறவங்க சலேத்மேரி. நாற்பது வயசுதான், ஆனா எல்லாரும் மாஸ்டர்னுதான் கூப்பிடுவோம். அவங்ககிட்ட தொழில் படிக்கிற ராயப்பனுக்கு அறுபது. முட்டி வலியால கடலை விட்டுட்டு ஊசியைப் பிடிச்சவரு. அவரு படகுல இப்ப மகன் போறான்.

ஒரு நாள் காலையில ராயப்பன் ஒரு தாளும் மூணு அறுந்த ரப்பர் கயிறும் கொண்டுவந்தாரு. தார்ப்பாயைப் படகோட இழுத்துப் பிடிக்க, ஓரத்துக் கொக்கியில மாட்டுற கயிறு அது. மேலே நூல் உறை, உள்ளே ரப்பர் இழை.

"மாஸ்டர், இதுல சாட்சியா ஒரு கையெழுத்துப் போடணும்."

"என்ன எழுதியிருக்கு அண்ணாச்சி?"

"என் கயிறையெல்லாம் கெடுத்தது பக்கத்துப் படகுக்காரன் தொம்மைன்னு. ஞாயித்துக்கிழமை சங்கத்துல குடுக்கப் போறேன். எனக்குப் பக்கத்துல அவன் படகு நிக்கக்கூடாது."

"அவரை வேற எங்க நிறுத்துவாங்க?"

"கல்லு கிடக்கிற பக்கம்."

"அங்க ஒரு புயலுக்குத் தாங்காதே."

"அது அவன் கவலை."

மாஸ்டர் ஊசியைத் துணியில குத்தி வச்சாங்க. "பாத்தீங்களா, அவரு கை வச்சதை?"

"பாக்கணுமா? கடல் பக்கத்துக் கயிறு ஒண்ணும் போகலை. அவன் பக்கத்துக் கயிறு மட்டும் போகுது. போதாததுக்கு என்னைப் பாத்தா சிரிக்கிறான்."

"முன்னாடி சிரிக்க மாட்டாரா?"

"முன்னாடியும் சிரிப்பான். அப்ப நான் கவனிக்கலை."

ரெண்டு பேரும் ராயப்பன் படகுக்குப் போனாங்க. புதுக் கயிறு மாட்டணும்ல. ராயப்பனே அளந்து வெட்டுனாரு. கடல் பக்கத்துக்கு ஒரு முழம். தொம்மை பக்கத்துக்கு அதுல ஒரு சாண் குறைவு.

"இது ஏன் குட்டை?"

"விரல் நுழையக்கூடாதுல்ல? முதல் கயிறு ரெண்டு வருஷம் கழிச்சு அந்துச்சு. அப்பவே புரிஞ்சுபோச்சு, இவன் வேலைன்னு. அடுத்ததை நாலு விரல் குறைச்சுக் கட்டுனேன்."

"அது எத்தனை நாள் நின்னுச்சு?"

"ஆறு மாசம். பிறகு இன்னும் நாலு விரல் குறைச்சேன். ரெண்டு மாசத்துல போச்சு. பயல் விடவே மாட்டேங்கான் மாஸ்டர்."

ராயப்பன் காலை உந்தி, பல்லைக் கடிச்சு, குட்டைக் கயிறைக் கொக்கிக்கு இழுத்தாரு. நூல் உறை விரிஞ்சு உள்ளே இருந்த ரப்பர் வெள்ளையா தெரிஞ்சுது. ஒருவழியா மாட்டிட்டு மூச்சு வாங்குனாரு.

"காதை வைங்க அண்ணாச்சி."

"எதுல?"

"கயித்துலதான்."

குனிஞ்சாரு. கொஞ்ச நேரம் ஒண்ணுமில்லை. பிறகு உள்ளுக்குள்ள 'டிக்'னு ஒரு சத்தம். ஒரு இழை போச்சு. பின்னாலேயே இன்னொண்ணு.

ராயப்பன் படக்குன்னு நிமிர்ந்து தொம்மை படகு நிக்கிற இடத்தைப் பாத்தாரு. அங்க வெறும் தண்ணிதான் கிடந்துச்சு.

"தொம்மை எங்க மாஸ்டர்?"

"கடலுக்குப் போய் ரெண்டு நாளாச்சே. தெரியாதா?"

ராயப்பன் தண்ணியையே பாத்துக்கிட்டு நின்னாரு. மறுபடி 'டிக்'னு கேட்டுச்சு. இந்தத் தடவை குனியாமலே கேட்டுச்சு அவருக்கு.

மாஸ்டர் தாளை வாங்கி, மேலிருந்து கீழ வரைக்கும் நிதானமா வாசிச்சாங்க.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கு அண்ணாச்சி. பேரை மட்டும் திருத்துங்க, கையெழுத்துப் போடுறேன்."

சொல்லிட்டு, மூடியைக் கழட்டிப் பேனாவை அவரு கையில குடுத்தாங்க.