காற்று கட்டிய கூடு

ஒரு காட்டில், குளத்துத் தண்ணீரில் முகம் பார்ப்பதுபோல் சாய்ந்து நின்ற பனைமரம் ஒன்று இருந்தது. அந்த மரம் முழுக்கத் தூக்கணாங்குருவிகள் குடியிருந்தன. ஓலைக்கு ஓலை கூடுகள் தொங்கும். காற்றடித்தால் ஊரே ஊஞ்சலாடும்.

குழந்தைகளே, அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மழைக்காலம் முடிந்து நல்ல வெயில் அடிக்கிற முதல் காலையில், எல்லாக் குருவிகளும் மட்டைகளில் வரிசையாக உட்காரும். அந்த வருடம் யார் கட்டிய கூடு சிறந்ததோ, அவன் பெயரை ஒரே குரலில் கூவும். பரிசு ஒன்றும் கிடையாது, விருந்தும் கிடையாது. ஆனாலும் அந்த ஒரு கூவலுக்காக ஆண்குருவிகள் அலகு தேயத் தேயப் புல்லைக் கிழித்துப் பின்னும்.

போன வருடம் தளிரன் பெயரைக் கூவினார்கள். அதற்கு முந்தின வருடமும் தளிரன்தான்.

அந்தப் பெயரைக் கேட்டாலே கூரன் என்ற குருவிக்கு வயிறு எரியும்.

கூரன் பட்ட கஷ்டம் பொய்யில்லை. அதை மறைத்துக் கதை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் குஞ்சாக இருந்தபோது கோடைத் தீயில் அவன் பிறந்த மரம் எரிந்தது. தாய் அதில் போய்விட்டாள். ஒரு முள்மரத்தில் தனியாகத் தட்டுத்தடுமாறி வளர்ந்து இந்தப் பனைக்கு வந்து சேர்ந்தான். வந்தவனுக்கு ஊர் எதைக் கொடுத்தது? காற்று மறைவான கிழக்கு மட்டைகளையெல்லாம் பழைய குடும்பங்கள் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. யாருக்கும் வேண்டாத மேற்கு மட்டைதான் அவனுக்கு வாய்த்தது. அங்கே காற்று பேய்போல் அடிக்கும்.

பாதிக் கூடு கட்டியதும் பெண்குருவிகள் வந்து பார்ப்பது அவர்கள் முறை. உள்ளே புகுந்து, அலகால் இழுத்துப் பார்த்து, உறுதியாக இருந்தால் தங்கும். இல்லாவிட்டால் உதறிவிட்டுப் போய்விடும். இரண்டு வருடமாகக் கூரனின் கூட்டை இழுத்துப் பார்த்தவர்கள் எல்லோரும் உதறிவிட்டுத்தான் போனார்கள். போன கையோடு தளிரனின் கூட்டைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள்.

மூன்றாவது வருடம் கூரன் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்தான் என்று சொல்வேன், ஆனால் குருவிக்குப் பல் இல்லையே! ஒற்றை முடிச்சுக்குப் பதில் இரட்டை முடிச்சு போட்டான். கூடு காற்றில் பறக்காமலிருக்க உள்ளே களிமண்ணைக் கனமாக அப்பினான். கட்டி முடிப்பதற்குள் பருவம் கடந்துவிட்டது, ஜோடி கிடைக்கவில்லை. ஆனால் கூடு நின்றது. எந்தக் காற்றுக்கும் அசைந்து கொடுத்ததே தவிர, அவிழவில்லை.

'இந்தத் தடவை என் பெயர்தான்' என்று நினைத்துக்கொண்டான்.

பெயர் கூவும் நாளுக்கு முதல் நாள், தளிரன் இரை தேடப் புறப்பட்டவன் மேற்கு மட்டைப் பக்கம் வந்தான்.

"அண்ணே, உங்க கூடு அருமையா வந்திருக்கு. இந்தக் காத்துல நானா இருந்தா கட்டியிருக்கவே முடியாது" என்றான்.

அவன் மனதாரத்தான் சொன்னான். கூரனின் காதில் அது கேலியாக விழுந்தது.

'பார்த்தாயா! கிழக்கு மட்டையில் சொகுசாக உட்கார்ந்துகொண்டு எனக்குச் சான்று கொடுக்க வந்துவிட்டான். நாளைக்கு அவன் பெயரைக் கூவும்போது என்னைப் பார்த்துச் சிரிப்பானே!'

தளிரன் பறந்து போனான். அவன் மனைவி செவ்வந்தியும் குஞ்சுகளுக்குப் புழு தேடப் போனாள். நடுப்பகல் நேரம். மற்றக் குருவிகளும் இரை தேடப் போயிருந்தன. காற்று ஓங்கி அடித்தது. கிழக்கு மட்டையில் தளிரனின் கூடு பதமாக ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டம்கூடக் கூரனின் கண்ணை உறுத்தியது.

பறந்து போய் அந்தக் கூட்டின்மேல் உட்கார்ந்தான். உட்கார்ந்த அதிர்வில் உள்ளே குஞ்சுகள் அம்மா வந்துவிட்டாள் என்று நினைத்துக் கீச்சிட்டன. கூரன் வாசலில் தலையை நீட்டிப் பார்த்தான். சின்னச் சின்னச் சிவப்பு வாய்கள் அவனை நோக்கித் திறந்தன.

அங்கேயே அவன் திரும்பியிருக்கலாம். யாரும் அவனைப் பிடித்து வைத்திருக்கவில்லை.

அவன் திரும்பவில்லை. மேலே ஏறி, கூடு தொங்கிய புல்நாரை அலகால் கொத்திக் கொத்தி அறுத்தான். கூடு குளத்தில் விழுந்தது.

தண்ணீரில் கழுத்தளவு கண்மூடிக் கிடந்த காட்டெருமை, விழுந்த கூட்டைக் கொம்பால் தூக்கிக் கரையில் வைத்தது. ஆனால் குஞ்சுகள் ஒன்றும் பிழைக்கவில்லை.

திரும்பி வந்த செவ்வந்தி போட்ட சத்தத்தில் குளக்கரையே கூடிவிட்டது. குருவிகள் எல்லாம் அவளைச் சுற்றி உட்கார்ந்து அழுதன. கூரன் தன் மட்டையிலிருந்து பார்த்தான். அப்போதும் அவனுக்குப் பொறாமைதான் வந்தது. 'விழுந்த கூட்டைச் சுற்றி இத்தனை பேர். நிற்கிற கூட்டை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லையே!'

சாயங்காலம் மரத்தடியில் நரி வந்து நின்றது.

"தம்பி, நான் புதர்ல இருந்து பார்த்துட்டேன்" என்றது.

கூரன் மட்டையின் நுனிக்கு வந்து கெஞ்சினான். "நரியண்ணே, காட்டிக் கொடுத்துடாதீங்க!"

"நான் எதுக்குக் காட்டிக் கொடுக்கப் போறேன்? முதல்ல காத்து அறுத்துச்சுன்னு சொல்லு. மாட்டிக்கிட்டா, உன் கஷ்டத்தை எடுத்து விடு. நீ செஞ்சதா சொல்லாதே, செய்ய வெச்சுட்டாங்கன்னு சொல்லு. எல்லாரும் உருகிடுவாங்க."

"எனக்காக ஏன் இவ்வளவு மெனக்கெடுறீங்க?"

"நீ இந்த மரத்துலயே இருந்தாப் போதும், தம்பி" என்று வாலை ஆட்டிவிட்டு நரி போனது. கூரன் இங்கே இருந்தால் இன்னும் கூடுகள் விழும், ஒன்றிரண்டாவது தண்ணீரில் விழாமல் கரையில் விழும் என்று அது நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் விடிந்தது. வெயில் பளிச்சென்று அடித்தது. பெயர் கூவ வேண்டிய காலை, வழக்கு விசாரிக்கிற காலையாகிவிட்டது. தீர்ப்புச் சொல்ல நடுவில் காட்டெருமை நின்றது. அதற்கு ஒரு சங்கதி புரிய நேரமாகும் என்று எல்லோரும் கிண்டல் செய்வார்கள். புரிந்துவிட்டால் அது லேசில் விடாது.

"காத்துதான் அறுத்திருக்கணும் பெரியம்மா" என்றான் கூரன், யாரும் கேட்பதற்கு முன்பே.

காட்டெருமை அறுந்த நாரை முகர்ந்து பார்த்தது. "காத்து இழுத்து அறுத்தா நுனி இழை இழையாப் பிஞ்சு நிக்கும். இது கடிச்ச நுனி. நாள் பூராவும் புல்லைக் கடிக்கிறவ நான், எனக்குத் தெரியாதா? மேல போய் உட்கார்ந்து அறுக்கணும்னா அது உங்க ஜாதிக் குருவியாத்தான் இருக்கணும். நேத்து மத்தியானம் மரத்துல யார் இருந்தீங்க?"

எல்லாத் தலைகளும் மேற்கே திரும்பின. கூரனின் முகத்தில் ஈயாடவில்லை.

"எனக்கு அப்பவே தெரியும்!" என்று கரையிலிருந்து ஆட்காட்டிக் குருவி கத்தியது. அதற்குக் கத்துவது ஒன்றுதான் தெரியும். "இவன் பிறவியிலேயே கெட்டவன்! முள்மரத்துல வளர்ந்தது வேற எப்படி இருக்கும்?"

அந்தச் சொல் கூரனைச் சுட்டது. உடனே நரி சொன்னது ஞாபகம் வந்தது. ஓவென்று அழுதான்.

"ஆமா, முள்மரத்துலதான் வளர்ந்தேன். என் அம்மாவைத் தீ தின்னுச்சு. நீங்க எல்லாரும் நல்ல மட்டையை எடுத்துக்கிட்டு எனக்குக் காத்தடிக்கிற மட்டையைக் கொடுத்தீங்க. ரெண்டு வருஷம் என் கூட்டை உதறிட்டுப் போனீங்க. என் மனசு புண்ணாப் போச்சு. நானா செஞ்சேன்? அந்தத் தீ செஞ்சுச்சு, இந்தக் காத்து செஞ்சுச்சு, நீங்க செஞ்சீங்க!"

மரத்தில் சலசலப்பு எழுந்தது. சில குருவிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டன. "பாவம், அவன் சொல்றதும் நெசந்தானே" என்றன. புதரில் நரி சிரித்தது. தளிரன் தலையைக் குனிந்துகொண்டான். செவ்வந்தி மட்டும் கூரனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காட்டெருமை வெகுநேரம் அசை போட்டது.

"சரி. நீ சொல்றதை ஒப்புக்கறேன். உன் அலகு எதுவும் செய்யல. எல்லாம் தீயும் காத்தும் செஞ்சது. அப்படித்தானே?"

"அப்படித்தான் பெரியம்மா!" கூரனுக்கு மூச்சு வந்தது.

"நல்லது. வழக்கு முடிஞ்சுது. இன்னிக்குப் பேர் கூவுற நாளாச்சே, அதையும் முடிச்சிடுங்க. இப்ப நிக்கிற கூட்டுல எது ஒசத்தி?"

குருவிகள் ஒன்றையொன்று பார்த்தன. மறுக்க வழியில்லை. "மேற்கு மட்டைக் கூடுதான்" என்றன.

கூரனுக்கு அது மூன்று வருட ஏக்கம். நிமிர்ந்து உட்கார்ந்து இறகைக் கோதிக்கொண்டான்.

"அப்ப கூவுங்க" என்றது காட்டெருமை. "காத்தோட பேரைக் கூவுங்க."

"காத்தோட பேரா?" என்று கேட்டான் கூரன்.

"பின்னே? உன் அலகு எதுவும் செய்யாதுன்னு நீதானே சொன்னே? காத்து அடிச்சதாலதான் ரெட்டை முடிச்சு விழுந்துச்சு. அப்ப கட்டினது காத்து. என்ன பார்த்துக்கிட்டு நிக்கறீங்க? கூவுங்க!"

குருவிகள் தயங்கின. பிறகு ஒன்று தொடங்க, மற்றவை சேர்ந்துகொண்டன.

"காற்று! காற்று! காற்று!"

பனைமரம் அதிர்ந்தது. குளத்தின் அக்கரை வரை கேட்டது. கூரன் ஆசைப்பட்ட அதே கூவல், அதே கம்பீரம். பெயர் மட்டும் அவனுடையது இல்லை. தளிரனுக்காவது அலகு உண்டு, உழைப்பு உண்டு. ஒரு புல்லைக்கூடத் தொடாத காற்றுக்கா இந்தப் பெயர்? அவன் வயிறு பற்றி எரிந்தது. காற்றின் மேலேயே பொறாமை வந்துவிட்டது.

"நிறுத்துங்க!" என்று அலறினான். "காத்தா கட்டுச்சு? அது மூணு வருஷமும் கெடுக்கத்தான் பார்த்துச்சு! அது அப்படித் தள்ளினப்பவும் விடாமக் கட்டினது நான்! ஒவ்வொரு முடிச்சும் நான் போட்டது, இந்த அலகு போட்டது!"

கூவல் நின்றது. அத்தனை குருவிகளும் அவன் அலகையே பார்த்தன.

காட்டெருமை மெதுவாகக் கேட்டது. "முடிச்சுப் போட்டப்ப அந்த அலகு உன்னோடது. நாரை அறுத்தப்ப அது யாரோடது, கூரா?"

கூரன் வாயைத் திறந்தான். தன்னை நோக்கித் திறந்த சின்னச் சிவப்பு வாய்கள்தான் கண்முன் வந்தன. செவ்வந்தியைப் பார்க்க முடியாமல் தலை தானாகக் கவிழ்ந்தது.

"என்னோடதுதான்" என்றான். அது அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை.

புதரில் சருகு சரசரத்தது. நரி போய்விட்டது.

காட்டெருமை குருவிகளின் பக்கம் திரும்பியது. "மேற்கு மட்டையை ஒருத்தன் தலையில கட்டினது உங்க தப்பு. அடுத்த வருஷத்துல இருந்து எல்லாரும் முறை வெச்சு அங்கே கட்டுங்க. அவன் பட்ட கஷ்டத்துக்கு அதுதான் உங்க பதில்." பிறகு கூரனைப் பார்த்தது. "குஞ்சுகளுக்கு நீதான் பதில் சொல்லணும். இந்த மரத்துல உனக்கு இனி இடம் இல்லை."

கூரன் தன் கூட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் பறந்து போனான்.

அந்த வருடம் பனைமரத்தில் வேறு யார் பெயரையும் கூவவில்லை. மேற்கு மட்டையில் அந்தக் கூடு ஒரு முடிச்சும் அவிழாமல் ஆடிக்கொண்டிருந்தது. அதைக் கட்டியவன் தூரத்து முள்மரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

நீதி: நாம் பட்ட துன்பத்துக்குப் பலர் காரணமாக இருக்கலாம், ஆனால் நாம் பிறருக்கு இழைத்த கொடுமைக்கு நாமே பொறுப்பு.