தலைவரின் முதுகு

அந்தக் காலத்தில், விலங்குகளுக்கும் வழக்காட வாய் இருந்தபோது, ஆற்றோர மருதமரத்தில் ஒரு குரங்குக் கூட்டம் வாழ்ந்தது. அங்கே ஒருவர் உடம்பை ஒருவர் தொடமாட்டார்கள், மரியாதைக் குறைவாம். தலைவன் நீளவாலனின் முதுகில் சாய்ந்து உறங்குவது மட்டும் பெரிய கௌரவம். அதையும் அவன் தனக்குப் பிடித்தவர்களுக்குத்தான் கொடுப்பான். எதற்கும் எதிர்க்கேள்வி கேட்கும் கருநெற்றி என்ற மந்திக்கு அது கிடைத்ததே இல்லை.

ஒரு பனிக்காலத்தில் கூட்டத்தைப் பிடித்தது அரிப்பு. அக்குளில் சிவந்து தடித்தது, தொடைக்கும் வயிற்றுக்கும் பரவியது.

"பூனைக்காலிக் காயின் சுணை பட்டிருக்கும்."

"சுணை ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவுமா?"

"அப்படியானால் கம்பளிப்பூச்சி!"

"ஒரே பூச்சி இத்தனை பேர் மேலுமா ஊர்ந்தது?"

தலைவனின் செல்லப்பிள்ளை செம்பன், கருநெற்றியை மேலும் கீழும் பார்த்தான். "எல்லாரும் சொறிகிறோம். உனக்கும் உன் குட்டிக்கும் மட்டும் ஒன்றுமில்லையே, எப்படி அக்கா?"

"நோய் வராததும் குற்றமா?"

"சூனியம் வைத்தவளுக்கு எப்படி வரும்?"

நீளவாலன் தீர்ப்பே சொல்லிவிட்டான்: "இருட்டுவதற்குள் இறங்கிப் போ." கீழே நாணல் புதரில் சிறுத்தை இருந்தது. குட்டி அவள் வயிற்றை இறுகப் பற்றிக்கொண்டது.

கருநெற்றி இறங்கவில்லை. "செம்பா, முதலில் அரித்தது உனக்குத்தானே? அதற்கு முன் எங்கே உறங்கினாய்?"

"தலைவர் முதுகில். அதற்கென்ன?"

"அடுத்து யாருக்கு?"

"எனக்கு," என்றாள் பருத்த மந்தி ஒருத்தி. "நானும்... அங்கேதான்." அவள் குரல் இறங்கிப்போனது.

"எல்லாருக்கும் கிடைத்த அந்தக் கௌரவம் எனக்கு மட்டும்தானே கிடைக்கவில்லை!" என்றாள் கருநெற்றி.

"என் முதுகு சுத்தமானது!" என்று உறுமினான் நீளவாலன்.

"நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?"

அவன் அடிமரத்தோடு ஒட்டிக்கொண்டான். அவள் ஒரே தாவலில் அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். அவன் சாய்ந்திருந்த இடத்தில் மரப்பட்டை தேய்ந்து வழவழப்பாக இருந்தது. எத்தனை நாளாகத் தேய்த்தானோ! அதுவரை ஒருவரும் செய்யாததை அவள் செய்தாள்: அவன் மயிரைப் பிளந்து காட்டினாள். உள்ளே பொருக்குத் தட்டிய தோல். அதில் நெளியும் பூச்சிகள்.

மரமே அலறியது. பிறகு செம்பன் மெல்லக் கேட்டான்: "அக்கா, உன் முதுகையும் பார்க்கட்டுமா?"

"பார். ஆனால் முதலில் உன்னுடையதைத் திருப்பு."

அன்று முதல்தான் குரங்குகள் ஒன்றையொன்று உட்காரவைத்து மயிரை விலக்கி விலக்கிப் பார்க்கின்றன. நாம் அதைப் பாசம் என்கிறோம். பாசமாவது! தலைவனே ஆனாலும், முதுகைக் காட்டாதவனை அவை இன்றுவரை நம்புவதில்லை.