கூடவே ஓர் ஆடு இருக்க வேண்டும்

செம்பிலாங்குடியில் புத்தி குறைந்தவர்கள் யாரும் வெளியே திரிவதில்லை. எல்லாரையும் பள்ளிக்கூடக் கமிட்டியில் போட்டுவிட்டார்கள்.

அந்தக் கமிட்டி, இந்த வருஷம் உளவியல் சோதனை வைத்துத்தான் எல்.கே.ஜி.க்குப் பிள்ளை சேர்ப்பது என்று முடிவெடுத்தது. அன்றிலிருந்து பெர்ப்பெத்துவாவுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் மகன் செலஸ்டின் வேற்று ஆள் முன்னால் வாயே திறக்க மாட்டான்.

டவுனிலிருந்து வந்த உளவியல் மேடம் படம் போட்ட அட்டைக் கட்டு ஒன்றைக் கமிட்டியிடம் கொடுத்தார். எல்லாப் பிள்ளைக்கும் சோதனை ஒரே சூழ்நிலையில் நடக்க வேண்டும், எத்தனை தடவை கேட்டாலும் ஒரே பதில் வந்தால்தான் நம்பலாம் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

முதல் பிள்ளை உட்கார்ந்ததுமே எங்கிருந்தோ ஓர் ஆடு உள்ளே வந்து அட்டையைத் தின்றது. பிள்ளை எட்டி அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டது. விரட்டப் போன செயலாளர் மிக்கேலைத் தலைவர் சவரிராயன் மறித்தார்.

"விரட்டாதீரும் வே. அடுத்த பிள்ளைக்கு ஆடு இல்லேன்னா சூழ்நிலை மாறிப் போகும்லா."

"அப்போ அட்டையும் திங்கணுமே?"

"திங்கத்தான் வேணும்."

பிள்ளைக்கு ஓர் அட்டை என்று ஆடு தின்றது. கயிறு கைமாறிக்கொண்டே வந்தது. நடுவில் அதற்கு வயிறு நிறைந்துவிட, மறுபடி பசிக்கும்வரை பிள்ளைகளை வராந்தாவில் காக்க வைத்தார்கள்.

கடைசி அட்டைக்குச் செலஸ்டின் வந்தான். ஜன்னலுக்கு வெளியே பெர்ப்பெத்துவா ஜெபமாலை உருட்டினாள். எந்த மணியில் நிற்கிறோம் என்பதே மறந்து, திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்கினாள்.

"பசிச்சா என்ன செய்வே?" என்றார் மிக்கேல்.

செலஸ்டின் பேசவில்லை. ஆடு அட்டையைத் தின்றது.

சவரிராயன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "காலையிலேருந்து இதே கேள்விக்கு இது ஒரே பதில்தான் சொல்லுது, கவனிச்சீரா?"

"ஆமா. மத்ததெல்லாம் ஒண்ணு இட்லிங்குது, ஒண்ணு அழுவேங்குது. எதை வே நம்ப?"

ஆடு மட்டும் தேறியது. அதை எல்.கே.ஜி.யில் சேர்க்கப் பாதுகாவலர் யார் என்று பார்த்தார்கள். கயிறு செலஸ்டின் கையில் இருந்தது. பிள்ளை பழகும்வரை பாதுகாவலர் தினமும் வகுப்பில் கூட உட்கார வேண்டும் என்றார் தலைவர்.

அது எங்கள் ஆடே இல்லை என்று சொல்ல வந்த பெர்ப்பெத்துவா, எல்.கே.ஜி. அறைக் கதவைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

முதல் பெற்றோர் கூட்டம் வந்தது. பிள்ளை பலகையைப் பார்க்காமல் ஜன்னலையே பார்ப்பதாக டீச்சர் செலஸ்டினிடம் குறைப்பட்டுக்கொண்டார். அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொண்டான். இத்தனை பொறுமையான தகப்பனைப் பார்த்ததில்லை என்று கமிட்டி கைதட்டியது.

மகனைப் பார்க்கும் ஆசையில் பெர்ப்பெத்துவா வாசலில் எட்டிப் பார்த்தாள்.

"கூட்டம் பெத்தவங்களுக்கு மட்டும்தாம்மா," என்றார் மிக்கேல். "பாட்டிமாரெல்லாம் வெளியே இருங்க."