கயிறு கட்டின இஸ்திரி வண்டி

ராயபுரத்துல ஒரு பழைய தெரு, இப்போ சுவரெல்லாம் படம் வரைஞ்சு கலைத்தெருவாக்கிட்டாங்கல்ல, அங்கதான் கன்னியம்மா துணி தேய்ப்பா. அவ மாமியார் ஒரு கலெக்டர் வேட்டியைக் கருக்கினாளே... சரி, அது அப்புறம்.

அங்க நடக்கப்போற கலை விழாவோட தலைவர் தனசேகர் வந்து, "இனிமே இங்க கலைப்பொருள் மட்டும்தான் நிக்கணும். நாளைக்குள்ள வண்டியை எடும்மா"ன்னாரு.

மறுநாள் அவ வண்டியை வெள்ளைத் துணியால மூடி, மேல ஒரு கசங்கின ஜிப்பாவைத் தொங்கவிட்டா. சுத்திலும் கயிறு, 'தொடாதீர்கள்'னு அட்டை.

மந்திரியைக் கூட்டிட்டு வந்த தனசேகர் உருகிட்டாரு. "பாருங்கய்யா, ஒவ்வொரு கசங்கல்லயும் நகரத்தோட வலி! இதை யாரும் இங்கேருந்து நகர்த்தக் கூடாது!"

கன்னியம்மா வெள்ளைத் துணியை உருவினா. "நகர்த்தல சார். நீங்க குடுத்த ஜிப்பாவைத் தேய்க்கட்டுமா, வலியோடவே போட்டுக்கிறீங்களா?"

மந்திரி சிரிச்ச சிரிப்புல, வண்டி இன்னும் அங்கேயேதான் நிக்குது!